ஆல்டமான்ட்டுக்கு அந்தப் பக்கம்

சான் ஹோசேயிலிருந்து பிற்பகலில் கிளம்பும் ஏஸ் ரயிலில் பலர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து ஸ்டாக்டனிலும் டிரேசியிலும் வண்டி பிடித்தவர்கள். 138 கிலோமீட்டர், பத்து நிலையங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். 1998 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையை நம்பியிருப்பவர்களில் பெரும்பகுதியினர் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்தும் அங்கே வீடு வாங்க முடியாதவர்கள்.

ஃப்ரீமான்ட்டைத் தாண்டியதும் நைல்ஸ் பள்ளத்தாக்கு. கண்டம் கடந்த முதல் ரயில்பாதை 1869இல் இதன் வழியாகத்தான் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை எட்டியது. பிறகு பிளசன்டன், அப்புறம், சிவா-விஷ்ணு கோயிலால் வட கலிபோர்னியத் தமிழர்களுக்கு நன்கு பழகிய லிவர்மோர். கிழக்கே போகப் போக வீட்டு விலை இறங்கும். கடன் கிடைக்கிற ஊர் வரும்வரை காரை ஓட்டிக்கொண்டே போ என்பது அங்கே வீடு தேடுவோரிடையே புழங்கும் பேச்சு.

ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைக் கடந்தால், டிரேசிக்குச் சற்று முன்னால் மவுன்டன் ஹவுஸ். 2003 வாக்கில் வயல்வெளியில் எழத் தொடங்கிய புத்தம்புதிய ஊர். ஐந்தே ஆண்டில், 2008 நவம்பரில், அமெரிக்காவிலேயே மிக மோசமாகக் கடனில் மூழ்கிய ஊர் என்று செய்தித்தாளில் வந்தது. வீட்டுக்காரர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரின் கடன் வீட்டின் மதிப்பைவிட அதிகமாகியிருந்தது. விற்றாலும் கடன் தீராது. விற்காமல் தவணை கட்டவும் முடியாது.

மலிவான ஊர் தப்பித்திருக்க வேண்டாமா? அந்த மலிவை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். சான் ஹோசே விலையோடு பார்த்தால் மலிவு. உள்ளூர்ச் சம்பளத்தோடு பார்த்தால் மலைக்க வைக்கும் விலை. முதலில் குறைந்த வட்டி காட்டிப் பிறகு ஏறிய கடன்களும் சேர்ந்துதான் அந்த விலையைத் தாங்கிப் பிடித்திருந்தன. கடற்கரைப் பக்கம் கட்ட இடமில்லை. இங்கே வயலை மனையாக்கிக்கொண்டே போகலாம் என்பதால், வாங்க ஆள் நின்றபோது வீடுகள் மட்டும் மிஞ்சின. 2008 கோடையில் பெட்ரோல் கேலன் நான்கு டாலரைத் தாண்டியபோது தூரத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சான் ஹோசேயிலும் விலை விழாமல் இல்லை. ஆனால் 2014 வாக்கில் அது பழைய உச்சத்தை எட்டிவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

டிரேசி, லாத்ராப், கடைசியாக ஸ்டாக்டன்.

அங்கே 2006இல் 4 லட்சம் டாலரை ஒட்டியிருந்த சராசரி வீட்டு விலை, 2009இல் அதில் பாதிக்கும் கீழே போனது. ஜப்தியான வீடுகளைக் காட்டப் பேருந்துச் சுற்றுலாவே நடத்தினார்கள். விலை ஏறியிருந்தபோது, சொத்து வரி இப்படியே கொட்டும் என்று நம்பிய நகராட்சி, ஓய்வூதிய நிதிக்காக 2007இல் லேமன் பிரதர்ஸ் வழியாக 12.5 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. புதிய நகராட்சி அலுவலகத்துக்கென எட்டு மாடிக் கட்டடமும் வாங்கியது. அந்தக் கட்டடம் 2012இல் வங்கியின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று நகரமே திவால் மனு கொடுத்தது. அதுவரை திவாலான அமெரிக்க நகரங்களில் அதுவே பெரியது. காவலர் எண்ணிக்கையை முன்பே வெட்டியிருந்தார்கள். அந்த ஆண்டில் 71 கொலைகள்.

மனைத் தரகர்கள் வேறு ஊருக்குப் போய்விடலாம். நகராட்சியில் உழைத்து ஓய்வுபெற்ற சுமார் 1,100 பேர் எங்கே போவார்கள்? அவர்களுக்கு உறுதியளித்திருந்த மருத்துவச் செலவின் மதிப்பு 54 கோடி டாலருக்கும் மேல். திவால் வழக்கு முடிந்தபோது அதற்கு ஈடாக எல்லாருக்கும் சேர்த்துக் கிடைத்தது 51 லட்சம் டாலர்.