வெற்றிடம் காட்டாத திரை

திரியாயிலிருந்து சென்னைக்குக் கற்கச் சென்ற என் பெரிய தந்தையார், 1976ஆம் ஆண்டை நினைவுகூரும்போதெல்லாம் ஒரு திரையரங்கைப் பற்றியே பேசுவார். இந்தியாவில் அவசரகால நிலை நிலவிய காலம் அது. பிரதான படத்திற்கு முன்னர் அரசின் செய்திப்படம் ஓடும். இரயில்கள் நேரந்தவறாது வருவதும், அலுவலர் ஒழுங்காகப் பணிசெய்வதும், இருபது அம்சத் திட்டத்தால் ஏழைகளின் முகம் மலர்வதும் அதில் இடம்பெறும். கனத்த குரலொன்று யாவற்றையும் விளக்கிச் செல்லும். "நாங்கள் நம்பவில்லைத் தம்பி, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்பார் அவர். அந்த 'ஆனால்' என்னும் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

அச்செய்திப்படங்களைத் தயாரித்த 'பிலிம்ஸ் டிவிஷன்' என்னும் அரச நிறுவனம் 1948இல் தோன்றியது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டை அதன் மக்களுக்கு அறிமுகஞ்செய்தல் அதன் நோக்கமாயிருந்தது. அதன் படங்களைக் காட்டுதல் திரையரங்கு உரிமத்தின் நிபந்தனை. அதற்கு அரங்க உரிமையாளர் பணமுஞ் செலுத்தினர். ஆகவே 1975 யூன் 25ஆம் நாள் அவசரகால நிலை பிறந்தபோது, பிரசாரத்திற்கெனப் புதியதோர் இயந்திரத்தை ஆக்கவேண்டிய தேவை எழவில்லை. நல்லெண்ணத்தோடு கட்டப்பட்ட வீடு வாயில் திறந்தே கிடந்தது. எஸ். சுக்தேவ் போன்ற ஆற்றல்மிக்க கலைஞரும் அக்கால ஆட்சியை ஆதரித்துப் படமெடுத்தார் என்பது, திறமை மட்டும் ஒருவருக்குக் காவலாகாது என்பதை உணர்த்துகின்றது.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தணிக்கை வந்ததும் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஆசிரியத் தலையங்கத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. அவ்வெள்ளைத்தாளே வாசகனோடு பேசியது. திரைப்படத்திற்கோ அத்தகைய வெற்றிடம் இல்லை. வெட்டப்பட்ட காட்சியின் இருபுறத்தையும் ஒட்டிவிட்டால் தழும்பும் தெரியாது. 1976 ஏப்பிரலில் டில்லி துருக்மான் வாயிலருகே வீடுகள் இடிக்கப்பட்டன, எதிர்த்தோர் சுடப்பட்டனர். கட்டாயக் கருத்தடை பலரை வதைத்தது. திரையில் இரயில் மட்டும் நேரத்திற்கு வந்துகொண்டிருந்தது.

நியூரம்பேர்க்கில் 1934இல் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை லெனி றீபென்ஸ்டால் படமாக்கினார். மறுவருடம் வெளிவந்த அப்படத்தில் விளக்கவுரையே இல்லை. அதனையே காட்டி, அது வெறும் வரலாற்றுப் பதிவு எனப் பிற்காலத்தில் அவர் வாதிட்டார். ஆனால் கமராவை மேலேற்றக் கொடிக்கம்பத்திலே மின்தூக்கி பொருத்தப்பட்டிருந்தது. படம்பிடிப்பதற்கென்றே நிகழ்ச்சி ஒழுங்காகியிருக்க, பிடித்த படம் உண்மை என்று சொல்வதிற் பயன் என்ன?

இவற்றை நூல்களிற் கற்றபோது எனக்கு அவை அயல்நாட்டுச் செய்திகளாகவே இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் தொல்பொருட் சின்னங்கள் பற்றிய விவரணப்படமொன்றைப் பார்த்தேன். எங்கள் கந்தசாமிமலை அதில் வந்தது. வட்டதாகையின் கற்றூண்கள், மாலை வெயில், தொலைவிலே கடல், அழகுக்குக் குறைவில்லை. மலையடிவாரத்து ஊர்தான் அதில் இல்லை. 1985இல் எரியுண்டு, மக்கள் உடுத்த உடையோடு ஓடி, பல்லாண்டு அகதி வாழ்வின்பின் திரும்பி வந்த திரியாய், மலையிலிருந்து கீழே நோக்கினாற் கண்ணில் விழும் ஊர். கமரா ஒருதடவையும் கீழே நோக்கவில்லை. அப்படத்தை எடுத்தவர் பொய்சொன்னார் என நான் கூறேன். அது சர்வாதிகாரியின் படமுமன்று. எனினும் வெற்றிடம் காட்டாத அதே திரைதான் அதுவும்.

சினத்தோடு எழுந்த நான், பின்னர் என்னையே ஒரு கேள்வி கேட்கவேண்டியவனானேன். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு வெளியிட்ட படங்களை இளமையிற் கண்கலங்கிப் பார்த்தவன் நான். அவற்றில் வீரம் இருந்தது, இழப்பும் இருந்தது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளையைத் தேடி முகாம் வாயிலில் நின்ற தாயை நான் பார்த்த எந்தப் படமும் காட்டவில்லை. அப்போது எனக்கு அந்தக் குறை தெரியவுமில்லை. எம்மைக் காட்டாத படத்தின் வெற்றிடம் உடனே தெரிகின்றது. எமக்கு உவந்த படத்தின் வெற்றிடம் தெரிவதில்லை.

ஆனந்த் பட்வர்த்தன் பீகார் மக்கள் இயக்கத்தைப் பற்றி எடுத்த படம் அவசரகாலத்தில் மறைவாகவே காட்டப்பட்டது. அத்தகைய துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. பார்வையாளனுக்கு வாய்க்கக்கூடியது ஒன்றுண்டு: காட்சி முடிந்ததும், 'இந்தச் சட்டத்திற்கு வெளியே நின்றவர் யார்?' என வினவுதல்.

சென்ற விடுமுறையிற் பெரிய தந்தையாரோடு ஊரைச் சுற்றினேன். பற்றை மூடிய ஓரிடத்தில் நின்று, "இது கிணற்றடி, அது மாமி வீட்டுப் படலை" என்று கைத்தடியாற் சுட்டினார். என் கண்ணுக்குப் பற்றைமட்டுமே தெரிந்தது. அவர் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.