முகமறியாக் குரல்

மனிதனை மனிதன் அறிவதற்கு வாயில்கள் இரண்டு உள. ஒன்று முகம், மற்றொன்று குரல். முகத்தால் அறியப்படுவோர்க்கு எல்லை உண்டு. அவர் இருக்குமிடத்திற்கு நாம் செல்லுதல் வேண்டும். அன்றேல் அவர் நம்மிடம் வருதல் வேண்டும். குரலால் அறியப்படுவோர்க்கோ எல்லை யாதும் இல்லை. அவர் அடுப்படிக்குள் வருவர். ஆயாக் கொட்டகைக்குள் வருவர். காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியின் முன்னிருக்கையில் அமர்ந்து ஈப்போ வரையிலும் உடன் வருவர். திரைப்படத்திற்குப் பின்னணி பாடுவோரும், இரவல் குரல் கொடுப்போரும் இவ்வினத்தைச் சேர்ந்தவர்களாவர். 1938 இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் ஏவி. மெய்யப்பர் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டார். வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு நாளடைவில் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கைதட்டல் முகத்திற்குப் போய்ச் சேரும். குரலோ நெஞ்சில் தங்கிவிடும். அத்தகைய குரலொன்று அடங்கியபொழுது, அதற்குரியவரை ஒருநாளும் கண்டறியாத மக்கள் கண்ணீர் விடுகின்றனரே, அக்கண்ணீரின் பொருள் யாது? இதனையே நாம் இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம்.

2024 ஆம் ஆண்டு ஜனவரி 25. அன்று தைப்பூசம். மலைநாடெங்கும் காவடிகளும் ஒலிபெருக்கிகளுமாக இருந்த அந்நாளின் இரவில் ஒரு செய்தி வந்தது. இசையமைப்பாளர் இளையராஜாவின் மகளும் பின்னணிப் பாடகியுமாகிய பவதாரிணி, சிகிச்சைக்காகச் சென்றிருந்த இலங்கையில், கல்லீரல் புற்றுநோயால் மறைந்தார் என்பதே அச்செய்தி. அவருக்கு வயது 47. மறுநாள் அவருடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் தேனி மாவட்டத்தில், அவர்தம் தாயும் பாட்டியும் உறங்கும் இடத்திற்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

நாம் வாழும் கியா பார்மில் அவ்வேளை கடைகள் மூடித் தார்ப்பாய்களை இழுத்துக் கட்டியாயிற்று. ஆதலின் துக்கம் மறுநாட் காலையிற்றான் வெளிப்பட்டது. காய்கறிக் கடையொன்றில் அவர் பாட்டு ஒலிக்கத் தொடங்கிற்று. அடுத்த கடைக்காரர் தம் கடையில் ஒலித்த துள்ளிசையை நிறுத்திக்கொண்டார். முட்டைக்கோசு அடுக்கிய பெண்ணொருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுங்கை பாலாஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த இளைஞர் இருவர், வாங்க வந்ததை மறந்து நின்று கேட்டனர். வந்திருந்த உல்லாசப் பயணிகளுக்கு இஃதொன்றும் விளங்கவில்லை. அவர்கள் சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு போயினர்.

பவதாரிணியின் குரல் எத்தகையது? மேடையை அதிரச் செய்யும் குரலன்று; சங்கதிகளை அடுக்கி வியப்பூட்டும் குரலுமன்று. சிறுமியொருத்தி தனக்குத் தானே பாடிக்கொள்வதுபோன்ற மெல்லிய குரல் அது. அம்மென்மையைக் குறையெனக் கூறினாரும் உண்டு. ஆயினும் 1995 இல் 'ராசையா' படத்தில் ஒலித்த அக்குரல், 'காதலுக்கு மரியாதை', 'அழகி' முதலிய படங்களின் வாயிலாக நம் வீடுகளில் நிலைபெற்றது. 2000 ஆம் ஆண்டில் வெளியான 'பாரதி' படப் பாடலுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பெண்ணின் விடுதலையைப் பாடிய கவிஞனின் வாழ்க்கைக் கதையிலே ஒரு பெண்ணின் மென்குரல் விருது பெற்றமை பொருத்தமேயன்றோ? அவர் பாடியதோடு நின்றாரில்லை. 2002 இல் நடிகை ரேவதி இயக்கிய ஆங்கிலப் படத்திற்கு இசையமைக்கவும் செய்தார். தந்தையும் உடன்பிறந்தார் இருவரும் இசையமைப்பாளராக விளங்கிய குடும்பத்தில், பெண் ஒருத்தி அவ்விருக்கையில் அமர்ந்தது சிறிய செயலன்று.

அன்று காலை சந்தையிலே பெரியவர் ஒருவர், கண் கலங்கி நின்ற அப்பெண்ணை நோக்கி, "ஏம்மா, அந்தப் பிள்ளை உனக்கு என்ன உறவு? மாமன் மகளா, சித்தி மகளா?" என்று வினவினார். ஏளனமாக அன்று, உண்மையிலேயே அறிய விரும்பி வினவினார். அவள், "உறவு இல்லீங்க தாத்தா. ஆனா நான் என் பிள்ளையைத் தூங்க வெச்சது அந்தக் குரல்லதானுங்க" என்றாள்.

அவ்விடை நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. நம் முன்னோர் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்தபொழுது, பெட்டியில் எடுத்து வந்தவை சில. நாவில் எடுத்து வந்தவை பல. பாட்டும் பழமொழியும் அவ்வாறு வந்தவையே. இம்மலையில் 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதலாகக் கொழுந்து கிள்ளிய பெண்கள் தங்கள் தாலாட்டைத் தாங்களே பாடினர். எழுத்தறியாத அவர்களுக்குப் பாட்டே ஏடு; பாட்டே சரித்திரம். பின்னர் வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, இன்று கைப்பேசி வந்துளது. பகல் முழுதும் கூடை சுமந்து குரல் வற்றிய தாய்க்கு, மற்றொருத்தியின் குரல் உதவிக்கு வந்து அவள் பிள்ளையைத் தூங்க வைக்கின்றது. இரவல் குரல் நடிகைக்கு மட்டும் அன்று, நமக்குந்தான். இரவல் பெற்றவர் தந்தவருக்குக் கடன்பட்டவராவர். கடன்பட்டவர் விடும் கண்ணீரை வெறும் சினிமாப் பித்து என்று தள்ளுதல் நியாயமன்று என்பதே நம் அபிப்பிராயம்.

நிற்க. அதே 2024 இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. பவதாரிணி மறைந்து ஐந்து திங்கள் கழித்து, 'கோட்' என்னும் படத்திற்காக, அவர் தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில், அவர் குரலிலேயே ஒரு புதிய பாடல் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி வித்தையால் அக்குரலைப் புதுக்கினர். அவ்வாண்டின் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்திற்காக ஏ.ஆர். ரகுமானும், மறைந்த பாடகர் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகிய இருவர் குரலையும் இவ்வாறே மீட்டார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். இது கேட்டு மகிழ்ந்தாரும் உளர். மனம் குமைந்தாரும் உளர். நாம் விஞ்ஞானத்திற்குப் பகைவரல்லோம். ஆயினும் ஒன்று கூறுவோம். பொறியினால் மீட்ட குரல் பாடும். கேட்டால் விடை சொல்லாது. "உடம்புக்கு எப்படி அம்மா இருக்கிறது?" என்று வினவினால் அதனிடம் மறுமொழி இல்லை. குரலின் உயிர் இனிமையில் இல்லை. தன் நிலையைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றலில் இருக்கிறது.

இதனை இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நமது வரிசை வீடுகளில் ஒருத்தி இருந்தாள். கொழுந்து கிள்ளுபவள், வயது நாற்பதைச் சற்றே கடந்தவள். கலியாண வீட்டில் நலுங்குப் பாட்டிற்கு அவளைத்தான் அழைப்பார்கள். அவள் பல மாதங்களாக வலப்பக்க விலாவின் கீழ் ஏதோ பாரமாக இருக்கிறது என்றும், சோறு இறங்கவில்லை என்றும் சொல்லி வந்தாள். வாயு என்றார்கள், பெருங்காயம் கொடுத்தார்கள். கண்ணேறு என்றார்கள், கயிறு கட்டினார்கள். கண் மஞ்சளித்து வயிறு பருத்த பின்னரே மலையிறங்கி ஈப்போவுக்குக் கொண்டு சென்றார்கள். சிம்பாங் பூலாய் சாலை நல்ல சாலைதான். ஆனால் அது காலத்தைப் பின்னோக்கிக் கொண்டு செல்லும் சாலையன்று. மூன்றே திங்களில் அவள் மறைந்தாள். அவள் குரல் எந்த நாடாவிலும் இல்லை. எந்தப் பொறியாலும் அதனை மீட்கவியலாது. அவள் பாடியபொழுது அவ்வீட்டார் கேட்டனர். வலிக்கிறது என்றபொழுது அதே குரல் அவர்கள் செவியில் ஏறவில்லை.

நம் சமூகத்தில் பெண்ணின் குரலுக்கு விதித்த எல்லை இதுவே. தாலாட்டில் ஒலிக்கலாம், கும்மியில் ஒலிக்கலாம், ஒப்பாரியில் ஓங்கியே ஒலிக்கலாம். தன் உடலைப்பற்றி ஒலிப்பின் அது நாணமின்மை, தொணதொணப்பு, வேலைக் கள்ளம். என்னே கொடுமை!

கல்லீரலின் இயல்பை அறிந்தோர்க்கு இக்கொடுமையின் ஆழம் விளங்கும். அஃது ஊமை உறுப்பு. அதன் உள்ளே வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. மேலே போர்த்த உறையில்தான் உண்டு. ஆதலின் உள்ளே கட்டி பெருத்து உறையை முட்டும் வரையில் அது வாய் திறப்பதில்லை. இத்தகைய ஊமையின் சார்பாகப் பேச வல்லவை இரண்டே: ஒன்று, பாரம், களைப்பு, பசியின்மை என்று நோயாளி கூறும் சிறு சொற்கள், மற்றொன்று, மருத்துவரின் சோதனை.

இந்நோய் எங்கிருந்து வருகிறது? ஊழ்வினையிலிருந்து அன்று. ஹெபடைட்டிஸ் பி, சி என்னும் கிருமிகளும், மதுவும், கல்லீரலிற் படியும் கொழுப்பும் முதன்மையான காரணங்கள் என்று மருத்துவர் கண்டுள்ளனர். மறைந்த பாடகிக்கு இந்நோய் எதனால் வந்தது என்று துருவுதல் நம் வேலையன்று, நாகரிகமும் அன்று. நம் வேலை நம் வீட்டைப் பார்ப்பது. பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. தைவான் நாட்டில் 1984 முதல் குழந்தைகளுக்கு அதனைப் போட்டு வந்ததன் பயனாக, பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அது போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களோ? நேயர்களே, இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். நம் வீட்டுத் தாய்மாரிலும் தந்தையரிலும் பலர் அவ்வேலிக்கு வெளியே நிற்பவர்கள். கிருமி உண்டா இல்லையா என்பதைச் சிறிது இரத்தம் எடுத்து அறிந்துவிடலாம். பி கிருமி இருப்பின் மருந்தால் அடக்கலாம். சி கிருமியை மாத்திரையாலேயே ஒழிக்கலாம்.

மதுவைப்பற்றித் தோட்டத் தமிழருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அந்நாள் அவர்கள் பொருளையும் மானத்தையும் எண்ணிக் கேட்டனர். இந்நாள் நாம் கல்லீரலையும் எண்ணிக் கேட்கிறோம். கள்ளுக்கடை போய்ச் சம்சுப் புட்டி வந்ததனால் குற்றம் குறைந்துவிடவில்லை.

தோழர்களே! பவதாரிணிக்காக அழுத கண்களை நாம் பழிக்கவில்லை. முகமறியாத ஒருவருக்காக உருகும் நெஞ்சம் உயர்ந்த நெஞ்சம். அவ்வுருக்கம் வாழும் குரல்களின் பக்கம் திரும்பவேண்டும் என்பதே நாம் வேண்டுவது. தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஒருநாட் கூலி போனாற் போகட்டும்; தாயையோ, தமக்கையையோ, மனைவியையோ அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்து வாருங்கள். நினைவு நாள் தோறும் படத்திற்கு மாலையிடுவோர், அந்நாளிலேயே பத்துப் பேரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வராயின், அம்மாலை வாடாத மாலையாகும். பாட்டைக் கேளுங்கள், தடையில்லை. கேட்கும்பொழுது அதன் ஓசையைச் சற்றே தணித்து, அடுப்படியில் நிற்பவள் என்ன சொல்கிறாள் என்பதையும் கேளுங்கள். அவளுக்கு விருது இல்லை, இரசிகர் இல்லை. அவள் சொல்லை இன்று கேட்க நம்மையன்றி வேறு எவரும் இல்லை.