விட்டுப் பிடி

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கம்பளி ஸ்கார்ஃப் பின்னுகிறோம் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த வெக்கைக்கு ஆர் போடுறது?" நியாயமான கேள்வி. ஃபேனை ஐந்தில் வைச்சாலும் வேர்க்கிற ஊர் இது. ஆனால் தான் போடாத உடுப்பைத் தைத்துச் சாப்பிடுவது இந்தத் தீவுக்குப் புதுசில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து, பனியையே காணாத பெண்பிள்ளைகள் பனி பெய்கிற நாடுகளுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கட பக்கத்திலேயே, இன்றைக்கு ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கிற காணியில், முந்தி வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தைத் தவிர்த்து இலங்கைத் தொழிலாளர் வரலாறு எழுத ஏலாது.

எங்கட கணக்கு சின்னது. ஒரு ஸ்கார்ஃப், ஒரு கழுத்து.

உயர்தரம் படிக்கேக்க நாங்கள் எட்டுப் பேர். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் ஏப்ரலுக்குள் 300ஐத் தாண்டியது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை எல்லாம் முடிய பாஸ்போர்ட் வரிசை தொடங்கியது. ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். ரொரன்ரோ, லண்டன், மெல்பேர்ன், டுபாய். ஒவ்வொரு தடவையும் அதே சடங்குதான்: ஒரு சாப்பாடு, ஒரு கேக், எயார்போட்டில் ஒரு படம். பிறகு ஆறு மாதம் வட்ஸ்அப்பில் நல்லா கதைப்போம். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். இப்ப ஐந்தாவது ஆள் மேற்படிப்புக்கு நோர்வேயின் ட்ரொண்ட்ஹைமுக்குப் போகிறாள். இன்னுமொரு கேக்குக்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் மிச்சமிருக்கிற மூன்று பேரும் பின்னத் தொடங்கினோம். கற்றுத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு அன்ரி. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் பழகிய கை. ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போவோம். புறக்கோட்டையில் நாங்கள் தேடிய கடைகளில் கிடைத்தது முக்கால்வாசி அக்ரிலிக் நூல். நிறம் வடிவு, ஆனால் நல்ல கம்பளியின் சூடு அதில் வராது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 வீதம் ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மழையும் பனியும் கலந்து விழுகிற ஊருக்கு அதுதான் சரி. கடைசியில் ஒஸ்லோவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தி ஒருவர் நூல் கொண்டுவந்து தந்தார். கடுநீலம், வெள்ளை, செம்மஞ்சள். நோர்வேயில் வாங்கின நூல், கொழும்பில் பின்னுப்பட்டு, திரும்ப நோர்வேக்கே போகப்போகிறது.

நாங்கள் எடுத்த முறை, ஒரே வரிசையில் இரண்டு நிற நூலையும் சேர்த்துக் கொண்டுபோகிற பின்னல். நீலக் கண்ணி போடும்போது வெள்ளை நூல் பின்னால் சும்மா ஓடும். வெள்ளைக்கு முறை வந்தால் நீலம் பின்னால் போகும். ஸ்கார்ஃபில் எத்தனை நிறம் இருந்தாலும் ஒரு வரிசையில் இரண்டுதான். ஒரு நூல் வலது கையில், மற்றது இடது கையில். பழகும் வரைக்கும் இரண்டும் சிக்குப்படும். முன்பக்கம் பூவும் கட்டமும், பின்பக்கம் நெடுக ஓடுகிற நூல்கள். அதை மறைக்கத்தான் தட்டையாகப் பின்னாமல் வட்ட ஊசியில் குழாய் மாதிரிப் பின்னுகிறோம். சுற்றுக்கு 96 கண்ணி, 390 சுற்று. மொத்தம் 37,440 கண்ணி. நிமிடத்துக்குப் பதினைந்து போட்டாலும் 40 மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

இதில் எல்லாரும் தடுமாறுகிற இடம் அந்தப் பின்நூல்தான். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிப்போகும், பூ முகம் கோணும், கழுத்தில் சுற்றினால் இழுபடாது. தொளதொள என்று விட்டால் விரல் மாட்டும். நிறம் மாற்றுவதற்கு முன் ஊசியில் இருக்கிற கண்ணிகளை விரலால் அகட்டிவிட வேண்டும். அப்பத்தான் பின்னால் போகிற நூலுக்குத் தேவையான நீளம் கிடைக்கும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓட வேண்டி வந்தால் நடுவில் ஒருதரம் மற்ற நூலோடு கொழுவிவிட வேண்டும். அன்ரி இதெல்லாவற்றையும் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்: "விட்டுப் பிடி, பிள்ளை."

அந்தச் சொல் எங்களுக்கு நூலோடு நிற்கவில்லை. போன நாலு பேரையும் நாங்கள் எப்படிப் பிடித்தோம்? "ஏன் மெசேஜ் இல்லை", "மறந்திட்டியா" என்று இழுத்து இழுத்துக் கேட்டோம். அதுக்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். தூரம் போனவர்களோடு இருக்கிற உறவுக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம் வேணும். இடைக்கிடை ஒரு கொழுவலும் வேணும். முன்பக்கத்தில் தெரியவில்லை என்பதற்காக அந்த நூல் அறுந்துபோனது என்று இல்லை. உண்மையில் இந்தப் பின்னலின் சூடே அங்கேதான் இருக்கிறது: பின்னால் ஓடுகிற நூல்களுக்கும் துணிக்கும் இடையில் காற்றுத் தங்குவதால்தான் குளிர் உள்ளே வராது.

நாங்கள் போடுகிற பூவுக்கு எட்டு இதழ். ட்ரொண்ட்ஹைமுக்குக் கிட்ட செல்பு என்று ஒரு ஊர் இருக்கிறது. 1857இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற பதினாறு வயதுப் பெண் இரண்டு நிற நூலில் இந்தப் பூவைப் போட்டுக் கையுறை பின்னினாள் என்றும், சகோதரிகள் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனபோது ஊரே திரும்பிப் பார்த்தது என்றும் சொல்வார்கள். பிறகு அது அந்த ஊரின் தொழிலானது. இன்று ஊரின் சின்னத்திலும் அந்தப் பூதான். ஆனால் அதே எட்டிதழ் துருக்கிக் கம்பளத்தில் இருக்கிறது, பலஸ்தீனப் பெண்களின் தையலில் இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டினபோது எங்கள் அம்மம்மா ஒருவர், "இது மார்கழிக் கோலமெல்லோ" என்றார். அந்தப் பூ எந்த ஊருக்குச் சொந்தம் என்று நாங்கள் சண்டைபிடிக்கப் போகவில்லை.

நோர்வேக்குப் போன பாதையும் எங்கட ஆக்களுக்குப் பழசு. 1956இல் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு அவரின் முயற்சியில் உருவான சீ-நோர், குருநகரில் மீன்வலைத் தொழிற்சாலை நடத்தியது. போனவர் போனவராக மட்டும் இருக்கவில்லை.

மூன்று கையும் ஒரே மாதிரி இல்லை. ஒருத்தியின் கண்ணி இறுக்கம், ஒருத்தியினது தளர்வு. ஆளுக்கொரு பட்டை பின்னி, நடுவில் நாலு சுற்று வெறும் நீலம் விட்டோம். கழுவி நிழலில் காயப்போட்டால் கொஞ்சம் சமப்படும் என்கிறார் அன்ரி. முழுக்கச் சமப்படத் தேவையில்லை. எந்தப் பட்டை ஆரின்ர என்று அவளுக்குத் தெரிய வேணும்.

கடைசிப் பட்டையை நாங்கள் பின்னவில்லை. அவளுக்கும் பழக்கியாச்சு. புறுபுறுத்துக்கொண்டுதான் பழகினாள். கண்ணிகள் ஊசியிலேயே இருக்க, மிச்ச நூலோடு பொதிசெய்து கொடுக்கப்போகிறோம். ட்ரொண்ட்ஹைமில் டிசம்பர் பகல் நாலரை மணித்தியாலம்தானாம். பின்னுவதற்கு நேரம் இருக்கும்.