பத்துக் கூடை பதினைந்து ஆனது!

பழவேற்காடு ஏரிப் பக்கத்தில் பனை ஓலை முடைவது பெண்களுக்குப் பழகிய கைத்தொழில். காட்டுப்பள்ளியில் எங்கள் சுய உதவிக் குழுவில் 12 பேர். வீட்டு வேலை போக, ஆளுக்கு வாரம் 10 கூடை முடைந்து வந்தோம்.

போன கல்யாண சீசனில் கடைக்காரர், "வாரம் 150 கூடை வேணும். முடியாதுன்னா வேற ஆளைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் பாங்கிக் கடனுக்குத் தவணை கட்டுவது எப்படி?

எதிர்வீட்டு அக்காவோ, "இன்னிக்கு அதிகம் செஞ்சா நாளைக்கு அதுவே கணக்காயிடும். அப்புறம் கூலியைக் குறைப்பாங்க" என்றார். முன்பு ஒரு வியாபாரி அப்படித்தான் செய்தார். அதனால் முதல் வேலையாக, எண்ணிக்கை கூடினாலும் கூடை விலை குறையாது என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கினோம்.

அடுத்து, நேரம் எங்கே போகிறது என்று பார்த்தோம். முடைவதில் அல்ல! காய்ந்த குருத்தோலையை ஒரே அகலமாக வார் கிழித்து, சாயம் ஏற்றுவதிலேதான் பாதிப் பொழுது போயிற்று. அதற்கென்று இரண்டு பேரை உட்கார வைத்தோம்.

"தினம் கிழிச்சா விரல் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் ஒருத்தி. நியாயம்தானே? ஏரியில் நல்ல இடம் ஒருவருக்கே போகாமல், மீனவர்கள் 'பாடு' முறை வைத்து மாறி மாறி வலை கட்டுகிறார்கள் அல்லவா? அதுபோல் வாரம் ஒருத்தி முறை மாறினாள். கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் நிரந்தரமாகக் கிழிக்கும் வேலை. வந்த பணம் 12 சம பங்கு.

ஒரேயடியாக ஏற்றவுமில்லை. 120 கூடையை வாரம் பத்துப் பத்தாகக் கூட்டி, மூன்றாவது வாரம் 150-ஐத் தொட்டோம். முடைந்த பத்துப் பேருக்கும் ஆளுக்கு 15. அக்காதான் எல்லோருக்கும் முன்னால் முடித்தார்!

1959-ல் பம்பாயில் 80 ரூபாய்க் கடனில் ஏழு பெண்கள் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளமும் இப்படி வளர்ந்ததுதான். தேய்த்த எடைக்குக் கூலி; லாபத்தில் எல்லோருக்கும் பங்கு.

சகோதரிகளே, பிள்ளையிடம் கூடுதல் மார்க் கேட்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் வாங்கு" என்பதற்கு முன்னால், அவனுக்குத் தடையாக இருப்பது எது என்று கூட உட்கார்ந்து பாருங்கள். தடையை எடுத்துவிட்டால், பாரம் தானே குறையும்.