ஷெட்டில் நிற்கும் பணம்

பன்னிரண்டு ஸ்லைடு இருந்தால் முதலீடு வாங்கிவிடலாம் என்கிறார்கள் இப்போது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். கோயம்புத்தூரில் பம்ப், வால்வு, கியர் செய்கிற சிறு பட்டறைகளுக்கு, தமிழக அரசின் டிஐஐசி கடனும் பேங்க் கேஷ் கிரெடிட்டும் போதாதபோது, வெளியாரிடம் பங்குக்குப் பணம் திரட்டிக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். நான் தேடும் கணக்கு அந்த ஸ்லைடுகளில் இருப்பதே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்டைக் கடைசியில்தான் திறப்பார். முதலில் ஷெட்டுக்குள் போய், மூலையில் குவிந்திருக்கும் காஸ்டிங்கை நகத்தால் சுரண்டுவார். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், "இது எந்த வருஷத்துச் சரக்குங்க?" என்பார். ஓனர் தலையைச் சொறிவார். புத்தகத்தில் அது வொர்க்-இன்-பிராகிரஸ் என்று முழு விலைக்கு ஏறியிருக்கும். இவர் அங்கேயே நின்று ஸ்கிராப் விலைக்கு இறக்கிவிடுவார். அந்த வருஷ லாபத்தில் பாதி காணாமல் போகும். "பணம் போடறவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நாமளே சொல்லிப்போடோணும்" என்பார். இன்று ஷெட்டுக்குள் காலே வைக்காமல் வேல்யுவேஷன் சொல்கிறார்கள்.

மாதம் 40 லட்சத்துக்கு விற்கிற பட்டறைக்கு, சரக்கு எடுக்கும் கம்பெனி 90 நாள் கழித்துப் பணம் கொடுத்தால், 1 கோடியே 20 லட்சம் எப்போதும் வெளியில் நிற்கும். விற்பனை இரட்டித்தால் இன்னொரு 1 கோடியே 20 லட்சம் நிற்கும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. கேட்டுப் பாருங்கள், அடுத்த ஆர்டர் வராது. ஆனால் திரட்டுகிற பணம் மொத்தமும் இந்த இடைவெளியை நிரப்பாமல் விஎம்சி மெஷினுக்கே போகிறது. மெஷின் வந்து இறங்கிய பிறகு இரும்பு வாங்கக் காசில்லை.

போதாக்குறைக்கு, பணம் வந்த அன்றே செக் போடுகிறார்கள். இப்படிச் சிலரிடம் மட்டும் பங்குக்குத் திரட்டும் பிரைவேட் பிளேஸ்மென்ட் பணத்தை, பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்யும்வரை தொடக் கூடாது என்பது கம்பெனி சட்டம் 42-ஆம் பிரிவு. பணம் திரட்டிக் கொடுத்துக் கமிஷன் வாங்கியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். வழி கேட்டு ஓனர் என்னிடம் வருவார்.

பட்டறைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: 90 நாளைத் தாண்டிய பாக்கியையும், ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிற காஸ்டிங்கையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் படித்த பிறகும் எழுந்து போகாத முதலீட்டாளருக்கு மட்டும் பங்கைக் கொடுங்கள்.