வெடிப்பலாக் கன்றுகளை எண்ணப் பழகியது

எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை எழுத எனக்கு இரண்டு பேர் ஆசான்கள். பாளையங்கோட்டையில் எங்கள் துறை மேடம். மலையில் எங்களுடன் வந்த காணிக்கார அண்ணாச்சி. மழைக்காட்டைப் பற்றி எழுத ஆசை என்றேன். மேடம் கேட்டார்: எந்த மரம், எந்த இடம், எந்த மாதம்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் வேலை தொடங்கியது.

இடம் முதலில் முடிவானது. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் சாலை, இன்னும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போகிறது. காக்காச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே அங்கே கொட்டும். கீழே பாளையங்கோட்டையில் அதில் கால்பங்கு பெய்தாலே பெரிது. கோடையிலும் தாமிரபரணியில் தண்ணீர் பார்க்கிறோம் என்றால் அது இந்த மலைகளின் தயவு. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அதுவே முதலாவது.

வனத்துறை அனுமதி வரும்வரை படிப்புதான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றி 1992-ல் வெளியிட்ட நூலை மேடம் மேசையில் வைத்தார். நம் ஊர்க் கல்லூரியில் இருந்துகொண்டே இத்தனை பெரிய வேலை செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அடுத்து, டி. கணேஷும் பிரியா டேவிதாரும் 1997-ல் எழுதிய கட்டுரை. காக்காச்சிக் காட்டில் வெடிப்பலா மரம் எப்போது பூக்கிறது, அந்தப் பூவை எந்தெந்த விலங்குகள் தின்கின்றன என்பது அதன் பொருள். பிறகு 2000-ல் கணேஷும் சௌபத்ரா தேவியும் அதே மரத்திடம் வேறொன்று கேட்டார்கள்: பூவைத் தேடி வரும் விலங்குகளுக்கு மகரந்தச் சேர்க்கையில் என்ன பங்கு? ஒரு கட்டுரை முடிகிற இடத்தில் அடுத்தது எப்படிப் பிறக்கிறது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

வெடிப்பலாவையே நானும் எடுத்துக்கொண்டேன். அந்தக் காட்டின் மேல்விதானத்தில் அதிகம் நிற்கிற மரம் அது. பூவுக்கு இதழ் கிடையாது; சதைப்பற்றான புல்லிதான் தீனி. சிங்கவால் குரங்குக்கு இந்த மரத்தின் பூவும் காயும் பெரிய உணவு. அந்தக் குரங்கைக் காக்கத்தான் 1976-ல் களக்காடு சரணாலயமே வந்தது. என் கேள்வி இப்படி அமைந்தது: அங்குள்ள தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து காட்டுக்குள் போகப் போக, வெடிப்பலாக் கன்றுகளின் எண்ணிக்கை மாறுகிறதா?

மாசி மாதத்து வெயிலிலும் காட்டுக்குள் ஈரம் இருந்தது, அட்டைக்கும் குறைவில்லை. பேனா மை கரைந்துவிடும் என்பதால் குறிப்பெல்லாம் பென்சிலில். முதல் பாடம் இலை. “அடியப் பாக்காம வெடிப்பலான்னு சொல்லக்கூடாது தம்பி” என்பார் அண்ணாச்சி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க மிக நுண்ணிய செதில்கள், வெள்ளியும் செம்பும் கலந்த மினுக்கத்தோடு. கன்றாக இருந்தாலும் குனிந்து, இலையைத் திருப்பி, பிறகுதான் எண்ணிக்கையில் சேர்ப்போம்.

பெரிய மரத்தின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். சரிவில் நிற்கும் மரத்துக்கு எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து 1.3 மீட்டர்? மேட்டுப் பக்கத்திலிருந்து. பலகைவேர் அதற்கு மேலும் ஏறியிருந்தால் வேர் முடிகிற இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறிக்க வேண்டும். நாடாவுக்கு அடியில் கொடி சிக்கினால் கொடியை விலக்கிவிட்டு அளக்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் இன்னொருவர் அதே மரத்தை அளக்கும்போது அதே எண் வர வேண்டுமானால் இவைதான் வழி. செய்முறைப் பகுதியில் இதை ஒவ்வொரு வரியாக எழுத வைத்தார் மேடம்.

நைலான் கயிற்றால் கட்டம் கட்டி எண்ணினோம். ஓரத்துக் கட்டங்கள் பலவற்றில் கன்றே இல்லை. அங்கே பூச்சியம் என்று எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டேன். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பின்னால் பார்ப்பவர், இல்லையா, பார்க்கவே இல்லையா என்று எப்படி அறிவார்? எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்துப்போன ஒழுக்கம் இதுதான்.

ஓரத்தில் கன்று குறைவு. அதற்குத் தேயிலைதான் காரணம் என்று எழுதிவிட முடியுமா? வெடிப்பலா விதை பெரியது, காய்ந்தால் முளைக்கும் திறன் போய்விடும். ஓரத்து வெயிலில் காய்ந்திருக்கலாம். விதையை விலங்குகள் தின்றிருக்கலாம். பக்கத்தில் தாய்மரமே இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு ‘லாம்’க்கும் அட்டவணையில் ஒரு பத்தி வேண்டும் என்றார் மேடம். சருகின் கனம், விதான மூட்டம், அருகிலுள்ள காய்க்கும் மரத்தின் தூரம் என்று பத்திகள் சேர்ந்தன. விலங்கு தின்றதற்கு என்னிடம் அளவு இல்லை. ஆகவே அதை முடிவில் சேர்க்காமல், அடுத்து ஆராய வேண்டியது என்று மட்டும் எழுதினேன். கணக்கும் வரைபடமும் கணினியில் சீக்கிரம் முடிந்தன. எழுதும் வரிசைதான் புதிதாக இருந்தது: செய்முறை, முடிவுகள், விவாதம், பிறகு முன்னுரை, கடைசியில் தலைப்பு.

இந்தச் சின்னக் கணக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அந்தத் தேயிலைத் தோட்டம் இருக்கும் சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தைப் பாம்பே பர்மா நிறுவனம் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 2028-ல் அது முடிகிறது. 2024-ல் நிறுவனம் தோட்டத்தை மூட முடிவெடுத்தது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களின் வாழ்வைப் பற்றிய கேள்வி மிகப் பெரியது. கன்றுகளை எண்ணி அதற்கு விடை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் தேயிலை இருந்த மண்ணில் காடு தானாகத் திரும்புமா, நட்டு வளர்க்க வேண்டுமா என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். அப்போது ஓரத்தில் எந்த மரம் முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்ற பதிவு கையில் இருக்க வேண்டும்.

ஒரு பருவத்துக் கணக்கு போதாது. அதனால் கட்டங்கள் எல்லாவற்றின் ஜி.பி.எஸ். புள்ளிகளையும் பின்னிணைப்பில் போட்டிருக்கிறேன். மூலையில் நிற்கும் மரங்களின் பெயரும் சுற்றளவும் உண்டு. அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி அதே கட்டங்களில் எண்ணப் போகிறாள். எங்கள் நைலான் கயிற்றையும் நாடாவையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டது.