நாலு பக்கமும் கை நீளும் திரை

திங்கள்

அருங்காட்சியகத்துக்குத் தொடுதிரை மேசை. காவிரி வரைபடத்தைச் சுற்றிலும் நின்று பார்க்கலாம். மென்பொருளில் இன்னும் கை வைக்கவில்லை. சார்ட் பேப்பரை மேசை அளவுக்கு ஒட்டி விரித்து, அணைகளையும் ஊர்களையும் அட்டையில் வெட்டி அடுக்கினோம். யாராவது தொட்டால் உரிய அட்டையை எடுத்துவைப்பது என் வேலை. கணினியின் இடத்தில் நான் இருப்பதால் விளக்கம் சொல்லக் கூடாது. காகிதம் என்றால் மக்கள் தயங்காமல் குறை சொல்கிறார்கள். பளபளக்கும் திரையைக் காட்டினால் "நல்லா இருக்கு சார்" என்று நகர்ந்துவிடுவார்கள்.

தனித்தனியாக வந்தவர்கள் எல்லோரும் தடுமாறாமல் பார்த்து முடித்தார்கள்.

புதன்

இன்று ஒரு குடும்பம் வந்தது. பையன் மேட்டூரைத் தொட்டுப் படிக்கத் தொடங்கினான். எதிர்ப்பக்கத்திலிருந்து தங்கை கல்லணையைத் தொட்டாள். புதியது திறந்தால் பழையது மூட வேண்டும் என்பது வடிவமைப்பு. மேட்டூர் அட்டையை எடுத்தேன். "ஏய், நான் படிச்சிட்டிருக்கேன்ல!" என்று கத்தினான். அம்மாவுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். "இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க தம்பி" என்றார். தனியாக வந்த எவருக்கும் இந்தச் சிக்கல் நேரவே வழியில்லை.

2007-இல் ஹெல்சிங்கி நகர மையத்தில் நிறுவிய 'சிட்டிவால்' திரையிலும் இதேதான். ஒருவர் படத்தைப் பெரிதாக்க, அது பக்கத்தில் நின்றவர் பார்த்துக்கொண்டிருந்ததை மறைத்தது. ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வியாழன்

வழக்கமான தொடுதிரைக்கு விரல் எங்கே பட்டது என்று தெரியும், யார் விரல் என்று தெரியாது. 2001-இல் மிட்சுபிஷி ஆய்வகம் அறிமுகப்படுத்திய 'டைமண்ட்டச்' மேசைக்கு அது தெரிந்தது: மேசையின் மெல்லிய மின்சமிக்ஞை, தொட்டவரின் உடல் வழியே அவர் அமர்ந்த நாற்காலிக்குப் போகும். அருமையான யோசனை. ஆனால் எங்கள் கூட்டம் நின்று பார்ப்பது, வந்து போவது. ஆகவே வடிவமைப்பிலேயே தீர்க்க வேண்டும். எந்த விளிம்புக்கு அருகில் தொடுகிறார்களோ அந்த விளிம்பைப் பார்த்து அட்டை திறக்கும். மூடும் பொத்தான் அந்தந்த அட்டையில் மட்டும். மொத்தத் திரையையும் மாற்றும் பொத்தான் கிடையாது.

சனி

திருத்திய வடிவத்தை நிஜத் திரையில் ஏற்றிப் பார்த்தோம். அண்ணன் தங்கை சண்டை இல்லை. ஆனால் பேரனோடு வந்த ஒரு பாட்டி, நின்ற களைப்பில் விளிம்பில் கையூன்றினார். உள்ளங்கை பட்ட இடமெல்லாம் அட்டைகள் திறந்தன. காகிதத்தில் இது தெரிய வழியே இல்லை. விளிம்பையொட்டி ஒரு சாண் அகலத்துக்குத் தொட்டாலும் எதுவும் திறக்காதபடி விட்டிருக்கிறோம்.

பொது இடத்துக்குத் திரை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனைக்கு ஆள் கூப்பிடும்போது ஒருவரை மட்டும் கூப்பிடாதீர்கள். பாட்டி, பிள்ளைகள் எல்லோரோடும் வீட்டோடு வரச் சொல்லுங்கள்.